கண்டுக்காத சார்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் கூடப் பொய் கிடையாது. நடந்ததில் எதையும் நான் குறைத்துச் சொல்லவும் இல்லை. குறைத்துச் சொல்லும் பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறுகிற பத்து மணி பஸ்ஸில், ஆல்பின் மாயவனைப் பார்த்தும் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டபோது, உள்ளே அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். அறுபத்து மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

ஆல்பினுக்கு இருபத்தேழு வயது. நைனார்பாளையத்துச் சிங்கராயரின் மகன். சமூகப் பணி படித்துவிட்டு, கள்ளக்குறிச்சியில் இருக்கிற ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தவன். வெள்ளிமலை ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கிற ஓர் அறையில் உட்கார்ந்து, மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது அவன் வேலை. இன்னும் ஒரு மாதத்தில் வேலை நிரந்தரம் ஆகவேண்டும்.

அப்போது அவனிடம் ஏழு பேர் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் புகையிலையை விடுவதற்கு. இரண்டு பேர் குடியை விடுவதற்கு. ஒருவர் கூடப்பிறந்த தம்பியோடு பேசத் தொடங்குவதற்கு. ஆறாவது ஆள் மாயவன். ஏழாவது ஆள் எதற்கு வந்தார் என்பது இந்தக் கதைக்கு வேண்டாத விஷயம்.

மாயவன் வந்தது அழுகைக்காக. ஐம்பது வயது, பனைமரம் மாதிரி ஆள். புளி மூட்டையை ஒற்றைக் கையால் ஜீப் மேல் எறிவார். மகள் கவியாவுக்குக் கல்யாணம் பேசிய நாளிலிருந்து, அவள் சோறு போட்டால் அழுகை, வாசல் பெருக்கினால் அழுகை, சும்மா நின்றாலும் அழுகை. வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று, செவ்வாய்க்கிழமைதோறும் ஆல்பின் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவார்.

ஆல்பின் கையில் எப்போதும் பச்சை அட்டை போட்ட ஒரு புத்தகம் இருக்கும். சமூகப் பணியாளர் நடத்தை விதிகள். மலைச் சாரலில் நனையாமல் பாலிதீன் உறை போட்டிருந்தான். அதில் பதினேழாம் விதி இப்படிச் சொல்கிறது: 'ஆலோசனைக்கு வருபவரைப் பொது இடத்தில் காண நேர்ந்தால், அவர் முதலில் அறிமுகம் காட்டினாலன்றிப் பணியாளர் தாமாக அறிமுகம் காட்டலாகாது.'

நல்ல விதிதான். ஆனால் மலையில் வேறொரு விதி இருக்கிறது. அதற்குப் புத்தகம் கிடையாது. சின்னவன்தான் முதலில் கேட்கவேண்டும், 'எங்க போயி வரீங்க' என்று. ஐம்பது வயது ஆள் இருபத்தேழு வயதுப் பையனிடம் முதலில் வாய் திறந்தால், ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே ஆல்பின், மாயவன் பேசுவதற்காகக் காத்திருந்தான். மாயவன், ஆல்பின் பேசுவதற்காகக் காத்திருந்தார். பஸ்ஸில் காலியாக இருந்தது ஆல்பின் பக்கத்து இடம் ஒன்றுதான். நிச்சயத்துக்கு வாங்கிய வாழைத்தாரோடு மாயவன் அதில் உட்கார்ந்தார்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஒரு வளைவில் மாயவன் முழுவதுமாக ஆல்பின் மடிக்கே போய்விட்டார். ஆல்பின் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வளைவில் ஆல்பின் மாயவன் தோளில் இருந்தான். மாயவன் முதலுதவிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் வாழைத்தார் ஆல்பின் கைக்கு வந்துவிட்டது. வெள்ளிமலை வரைக்கும் அவன்தான் அதைப் பிடித்துக்கொண்டு வந்தான். அது யாருடையது என்று அவன் கேட்கவில்லை.

பின் சீட்டில் இருந்தவர் அய்யனார். மாப்பிள்ளை ஜீவாவின் அப்பா. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்.

"இன்னா மச்சான், சாரு எல்லாரையும் எங்க போயி வரீங்கன்னு கேட்டுக்கினு வந்தாரு. உங்கள மட்டும் கேக்கலையே?"

"தூக்கமா இருப்பாரு."

"கண்ணு தொறந்துக்கினுதான இருக்குது."

"சில பேருக்கு அப்பிடியும் தூக்கம் வரும் மச்சான்."

கண்டக்டர் பூமாலை டிக்கெட் கட்டையைக் கம்பியில் தட்டினார். அவருக்கு எதையும் கவனிக்காமல் விடுகிற பழக்கம் இல்லை.

"நானும் அஞ்சு மாசமா பாத்துக்கினு வரேன். சாரு பத்து பேரப் பாத்து சிரிப்பாரு. ஒர்த்தர மட்டும் பாக்கமாட்டாரு. அந்த ஒர்த்தரு ரேஷன் கடைக்குப் பின்னாடி போற ஆளு."

"பின்னாடி இன்னா இருக்குது?"

"சாரோட ரூமு."

பஸ்ஸில் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் கொஞ்சம் கம்மியானது மாதிரி இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மாயவன் அறைக்கு வந்தபோது துண்டு ஏற்கெனவே நனைந்திருந்தது.

"சார், நான் அழுவறது வெளிய தெரியக்கூடாதுன்னுதான நீங்க என்னப் பாக்கல?"

"ஆமாங்கய்யா. உங்க ரகசியத்தக் காப்பாத்தறது என் கடமை."

"நல்லா காப்பாத்திட்டீங்க. நான் அழுவறன்னு ஒர்த்தனுக்கும் தெரியல. கீழத் தெருவுல குடிகாரன்னு சொல்றாங்க. மேலத் தெருவுல சீட்டு ஆடறன்னு சொல்றாங்க. சங்கராபுரத்துல எனக்கு இன்னொரு வூடு இருக்குதுன்னு என் பொண்டாட்டியே சொல்லுது."

ஆல்பின் புத்தகத்தைப் புரட்டினான். சங்கராபுரத்து வீட்டுக்கு விதி எதுவும் இல்லை.

"அய்யனாரு ஆள் அனுப்பிட்டாரு சார். நிச்சயத்தத் தள்ளி வெக்கலாம்ன்றாரு."

"கவியா இன்னா சொல்லுது?"

"அது ஒண்ணும் சொல்லல. ஜீவாவுக்குப் போன் போட்டுக்கினே இருக்குது. டவர் கெடைக்கல." மாயவன் துண்டை முகத்தில் பொத்திக்கொண்டார். "பாவம் சார் அது, பாறை மேல ஏறி நின்னுக்கினு இருக்குது."

அவர் போனதும் ஆல்பின் அதே பாறைக்குப் போனான். கவியா ஒரு முனையில் நின்று ஜீவாவுக்கு முயன்றுகொண்டிருந்தாள். இவன் மறுமுனையில் நின்று, கள்ளக்குறிச்சியில் இருக்கிற மேலதிகாரி ஜெஸி மேடத்துக்கு முயன்றான். இவனுக்குக் கிடைத்துவிட்டது.

"ஆல்பின், நீங்க சிலரைப் பாக்கறீங்க, சிலரைப் பாக்கல. அங்கதான் தப்பு. எல்லாரையும் சமமா நடத்தணும். நாலாவது விதி."

"அப்ப மேடம்?"

"யாரையும் பாக்காதீங்க."

மறுநாள் காலையிலிருந்து ஆல்பின் வெள்ளிமலையில் யாரையும் பார்க்கவில்லை. டீக்கடையில் கூரையைப் பார்த்து டீ கேட்டான். கூரையைப் பார்த்துக் குடித்தான். டம்ளரைத் தடவி வைத்துவிட்டுப் போனான்.

டீக்கடை செங்கம்மாளுடையது. அய்யனாருக்கு அக்கா. அவர் சொன்னால்தான் தம்பி வீட்டில் அடுப்பே எரியும். அவர் கணவர் முருகன் டீ ஆற்றுகிறவர். இருபத்தெட்டு வருஷமாக அவர் வேறு எதையும் ஆற்றி யாரும் பார்த்ததில்லை.

"நீ எப்பத்துலேர்ந்து போற?" என்று கணவரைக் கேட்டார் செங்கம்மாள்.

"எங்க?"

"ரேஷன் கடைக்கு."

"நேத்து அரிசி வாங்கப் போனேன்."

"முன்னாடி போனியா, பின்னாடி போனியா?"

மூன்று நாளில் வெள்ளிமலை முழுக்க இந்தக் கேள்விதான். மனைவிகள் கணவர்களைக் கேட்டார்கள். கணவர்கள் மாமனார்களைக் கேட்டார்கள். சாமை தூற்றிக்கொண்டிருந்தவர்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

வாத்தியார் தமிழழகனுக்குப் பொறுக்கவில்லை. வெற்றிலை கூடப் போடாதவர். நேராக ஆல்பின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

"சார், நாளைக்கு பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் பாக்கச் சொல்ல நீங்க எனக்கு ஒரு வணக்கம் வெக்கணும்."

"முடியாதுங்க சார். உங்களுக்கு வெச்சா மத்தவங்களுக்கும் வெக்கணும்."

"நான் இன்னாத்துக்கும் உங்ககிட்ட வரலையே."

"இப்ப வந்திருக்கீங்களே."

வாத்தியார் வெளியே வந்தார். ரேஷன் கடையில் அன்று சர்க்கரை போடுகிற நாள். வரிசையில் எண்பது பேர். பின்பக்கத்திலிருந்து வாத்தியார் வந்ததை எண்பது பேரும் பார்த்தார்கள். மறுநாள் அவருடைய மாமனார் சின்னசேலத்திலிருந்து துணியோடு வந்து இறங்கினார், விஷயம் தெளிகிற வரை தங்கிப் பார்ப்பதற்கு.

ஆல்பின் மறுபடி பாறைக்குப் போனான். கவியா அங்கேயேதான் நின்றிருந்தாள். அவளையும் அவன் பார்க்கவில்லை.

"சரி ஆல்பின்," என்றார் ஜெஸி மேடம், "எல்லாருக்கும் வணக்கம் சொல்லிடுங்க."

"பதினேழாவது விதி மேடம்..."

"அந்தப் புத்தகத்த எழுதினதே நான்தான் ஆல்பின். சொல்லிடுங்க."

சந்தை நாள் வந்தது. ஆல்பின் ஒரு முனையில் தொடங்கி வணக்கம் சொல்லிக்கொண்டே போனான். மரவள்ளிக் கிழங்கு விற்பவருக்கு, கடுக்காய் மூட்டைக்காரருக்கு, வளையல்காரிக்கு. நடுப்பகலுக்குள் நானூற்றுப் பதினேழு வணக்கம். தொண்டை கட்டிவிட்டது. வேகத்தில் இரண்டு மாட்டுக்கும், வனத்துறை அறிவிப்புப் பலகை ஒன்றுக்கும் வணக்கம் போனது. அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு மாடு தலையை ஆட்டியது என்கிறார்கள். அதை நான் என் கண்ணால் பார்க்காததால் சொல்லவில்லை.

உப்புக் கடை ஓரத்தில் மாயவன் நின்றிருந்தார். பத்தடி தள்ளி அய்யனாரும் செங்கம்மாளும். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று ஆல்பின் நினைத்தான். கையை நெற்றி வரை தூக்கினான்.

"வணக்கங்கய்யா. நல்லா இருக்கீங்களா? வூட்ல எல்லாரும் சௌக்கியமா?"

மாயவன் முகம் மலர்ந்தது. அய்யனார் முகமும் லேசாக மலர்ந்தது. செங்கம்மாள் மட்டும் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"போச்சுடா."

"இன்னாக்கா போச்சு? சாருதான் வணக்கம் வெச்சிட்டாரே."

"அதான்டா போச்சு. இத்தினி நாளு கண்டுக்காம இருந்தாரு. அப்ப வைத்தியம் நடந்துக்கினு இருந்துச்சு. இப்ப வணக்கம் வெச்சிட்டாரு. இனிமே இந்த ஆள ஒண்ணும் பண்ண முடியாதுன்னு கைவுட்டுட்டாரு."

அய்யனார் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்கு அது சரியாகவே பட்டது. தள்ளிவைத்த நிச்சயம் அன்று பிற்பகல் நின்றேபோனது. வாழைத்தார் மாயவன் வீட்டு உத்தரத்தில் தொங்கிக்கொண்டு, நாளுக்கு ஒரு சீப்பாகப் பழுத்தது.

கவியா பாறையிலிருந்து இறங்கி வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. நேராக ரேஷன் கடைக்குப் பின்னால் போனாள்.

"சார், எங்க அப்பா உங்ககிட்ட இன்னாத்துக்கு வராருன்னு எனக்குத் தெரியும். ஒரே வூட்ல இருக்கறோம், தெரியாதா. அத நீங்க போய் அவங்க வூட்ல சொன்னா போதும். ஒரே ஒரு வார்த்த."

"சொல்லக்கூடாதும்மா."

"சொன்னா இன்னா ஆவும்?"

"என் வேலை போயிடும்."

"சொல்லலன்னா என் கல்யாணம் போயிடும்."

ஆல்பின் பச்சைப் புத்தகத்தை எடுத்தான். பிறகு திறக்காமலே வைத்துவிட்டான். அன்று முதல் தடவையாக ஜெஸி மேடத்தைக் கேட்காமல் அவன் ஒரு முடிவெடுத்தான். வேலையை விட்டுவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவது. முறைப்படி, முதலில் ராஜினாமாவைப் போனில் அனுப்பினான். ஜெஸி மேடம் பதில் போடவில்லை. ஜீப் பிடித்து மலை ஏறிவிட்டார்.

அடுத்த நாள் காலை பதினோரு மணிக்கு அய்யனார் வீட்டு வாசலில் எல்லோரும் கூடினார்கள். ஒரு பக்கம் அய்யனார், ஜீவா, செங்கம்மாள். எதிரே மாயவன் குடும்பம். நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெஸி மேடமும் ஆல்பினும். மற்ற ஊர்க்காரர்கள் சும்மா அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள், போய்க்கொண்டே நின்றார்கள்.

"மேடம், நேரா கேக்கறேன்," என்றார் அய்யனார். "மாயவன் உங்க ரூமுக்கு வராரா இல்லையா?"

"வராருன்னும் சொல்லமாட்டோம். வரலைன்னும் சொல்லமாட்டோம்."

"அப்ப வராரு."

"அப்படி நான் சொல்லல."

"வரலைன்னா வரலைன்னு சொல்லுவீங்கதான?"

"சொல்லமாட்டோம்."

"சரி, நான் வரனா உங்க ரூமுக்கு?"

"அதையும் சொல்லமாட்டோம்."

அய்யனார் மனைவி சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார். அய்யனார் அதற்கப்புறம் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

ஆல்பின் எழுந்தான். "நான் ஒரு விஷயம் சொல்லணும். மாயவன் ஐயா எங்கிட்ட..."

"ஆல்பின்," என்றார் ஜெஸி மேடம்.

"சார், நீங்க உக்காருங்க," என்றார் மாயவன். "அது என்னுது. நீங்க சொல்லாதீங்க. நானே சொல்றேன்."

பனைமரம் எழுந்து நின்றது. சங்கராபுரத்து வீடு இப்போது வெளியே வரப்போகிறது என்று மேலத் தெருக்காரர்கள் முன்னால் நகர்ந்தார்கள்.

"நான் குடிக்கறதுக்குப் போவல. சீட்டுக்குப் போவல. எனக்கு வேற வூடு இல்ல. எம்பொண்ணு... எம்பொண்ணு என்ன வுட்டுட்டு..."

அவ்வளவுதான். அதற்குமேல் அழுகை. ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. இதை நானே பார்த்தேன்.

செங்கம்மாள் அவரைப் பார்த்தார். பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். மாயவன் வீடு அங்கிருந்தே தெரிந்தது. வாசலில் காயப்போட்ட கவியாவின் தாவணி கூடத் தெரிந்தது.

"இதுக்கா?"

மாயவன் தலையை ஆட்டினார்.

"தே, உன் வூட்டுக் கோழியே தெனம் ஓடையத் தாண்டி வந்து எங்க சாமைய மேஞ்சிட்டுப் போவுது. பொண்ணு வராதா?"

மாயவன் இந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை. துண்டால் மூக்கைத் துடைத்தார். "தெனமும் வருமா?"

"ரெண்டு வேள வரட்டும். நீ வேணும்னாலும் வா. வந்து இங்க அழுவு. அதுக்கு எதுக்குடா ரூமு?" செங்கம்மாள் தம்பி பக்கம் திரும்பினார். "தட்ட எடுங்க. இந்த ஆளப் போய் கைவுட்ட கேசுன்னு நெனச்சிட்டனே. சாரு ஏன் கண்டுக்கலன்னு இப்பத்தான் புரியுது. நல்ல ஆளுங்களத்தான் அவரு கண்டுக்கறதில்ல."

தட்டு மாற்றினார்கள். மீதியிருந்த இரண்டு சீப்பில் ஒன்றை ஜெஸி மேடத்துக்குக் கொடுத்தார்கள். பரிசுப் பொருள் வாங்கக்கூடாது என்று ஒன்பதாம் விதி இருப்பதால் அவர் வாங்கவில்லை. அங்கேயே சாப்பிட்டார். சாப்பிடக்கூடாது என்று விதி இல்லை. ஆல்பினின் ராஜினாமாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தோலை மட்டும் அவன் கையில் கொடுத்துப் போட்டுவிட்டு வரச் சொன்னார். வேலை இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது.

ஆனால் செங்கம்மாள் சொன்ன சொல் மலை முழுக்கப் போய்விட்டது. தை மாதம் பிறப்பதற்குள், ஆல்பின் சார் கண்டுக்காத அப்பன் வீட்டில்தான் சம்பந்தம் வைக்கலாம் என்று ஆகிவிட்டது. கல்யாண வயதில் பெண் வைத்திருந்தவர்கள் முதல்நாளே வந்து கேட்டுக்கொண்டார்கள்.

"சார், நாளைக்கு மாப்ள வூட்டுக்காரங்க வராங்க. சந்தையில என்னப் பாத்தா கொஞ்சம் மூஞ்சத் திருப்பிக்கோங்க."

"ரொம்ப திருப்பணுங்களா?"

"நல்லாவே திருப்பிக்கோங்க சார். ரெண்டு பொண்ணு இருக்குது."

தமிழழகன் வாத்தியார் வணக்கம் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொண்டார். மாமனார் திருப்தியாகச் சின்னசேலம் திரும்பினார்.

கழுத்து சுளுக்கிக்கொண்டு ஆல்பின் ஒரு வாரம் படுத்த பிறகுதான் ஜெஸி மேடம் விதியைத் திருத்தினார். வருகிறவரிடம் முதல் நாளே ஒரு படிவம் கொடுத்துவிடவேண்டும். பெயர், பிரச்சினை, அதற்குக் கீழே ஒரு கேள்வி: 'வெளியில் கண்டால் வணக்கம் சொல்லலாமா, வேண்டாமா?' அவரவர் விருப்பம். ஏற்கெனவே வந்துகொண்டிருந்த ஏழு பேரில் ஆறு பேர், அவன் கழுத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, 'சொல்லலாம்' என்று எழுதினார்கள். ஒருவர் மட்டும் 'வேண்டாம்' என்று எழுதினார். இப்போது ஆல்பின் மலையில் எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறான், அந்த ஒருவரைத் தவிர.

போன வியாழக்கிழமை அதே பத்து மணி பஸ். கள்ளக்குறிச்சியிலேயே ஆல்பின் ஏறினான். முன்படியிலிருந்து ஆரம்பித்து ஒருவர் விடாமல் வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தான். காலியாக இருந்தது கடைசி வரிசையில் என் பக்கத்து இடம் ஒன்றுதான். உட்கார்ந்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கண்டக்டர் பூமாலை டிக்கெட் கட்டையோடு என் முன்னால் வந்து நின்றார். அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா பெரிசு, சாரு உன்ன மட்டும் கண்டுக்கல?"

ஆரம்பத்திலேயே சத்தியம் செய்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஏழாவது படிவத்தை நிரப்பிக் கொடுத்தது என் மனைவி. அதில் 'பிரச்சினை' என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: புளுகு.